மீட்டரில் சந்தனம்

மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையின் பாய்லர் செம்பனைக் கொட்டையின் ஓடுகளைத் தின்று உறுமுகிறது. அதன் நீராவி, அரசாங்க வரிச்சலுகையில் வாங்கிய டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, மிச்சச் சூட்டோடு போய்க் கையுறைகளை உலர்த்துகிறது. மிஞ்சும் மின்சாரம் வேலியைத் தாண்டக் கூடாது என்றிருந்த சட்டம் இன்றுதான் வழிவிட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் உபரி நீராவியை வானத்தில் ஊதித் தள்ளிய பாய்லர்காரர் கன்னையாவுக்குக் கை பரபரக்கிறது. சுவிட்சைப் போடுகிறார். மீட்டர் சக்கரம் பின்னோக்கி ஓடினால் மின்சாரம் வெளியே போகிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்தால்தான், சோதிக்க வந்திருக்கும் மின்வாரிய அதிகாரி அனுமதியில் கையெழுத்துப் போடுவார். அவர் குனிகிறார். “என்னங்க இது, சக்கரமே தெரியலியே?” கண்ணாடி நடுவே, காலைப் பூசையில் கன்னையா அப்பிய சந்தனம் கட்டியாகக் காய்ந்து கிடக்கிறது. “ஐயோ, நான்தான் வச்சேன் பாஸ்!” முதலாளி சோலையப்பன் பல்லைக் கடிக்கிறார். “தொடைங்க லா, சீக்கிரம்!” கன்னையா வேர்த்த கட்டைவிரலால் தேய்க்கிறார். மஞ்சள் கரைந்து விலக, எந்நாளும் வலப்பக்கமே ஓடிய சக்கரத்தின் கறுப்புக்கோடு, இடப்பக்கமாக விறுவிறுவென்று ஓடுகிறது. “போவுது பாஸ்! நம்ம கரண்டு வெளிய போவுது!” விரலில் ஒட்டிய சந்தனத்தைக் கன்னையா தன் நெற்றியில் இழுத்துக்கொள்கிறார். பல்லைக் கடித்த சோலையப்பன் குனிந்து தன் நெற்றியையும் நீட்டுகிறார்.