சனிக்கிழமைப் போஸ்டர்

பல்கலைக்கழக விடுதியின் அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தக்கூட இடமில்லை. அதனால் பளபளப்பான கலைவிழாப் போஸ்டரை ஒரு சின்ன வெள்ளைச் சீட்டின் மேலேயே குத்திவிட்டுப் போனார்கள்.

“நசுங்குதா?” என்று பெருந்தன்மையோடு கேட்டது போஸ்டர்.

“சனிக்கிழமை வரைக்கும்தானே, பொறுத்துக்கிறேன்” என்றது அடியில் கிடந்த சீட்டு.

“சனிக்கிழமை என்னோட நாள். விடுதியே என்னைத் தேடி ஓடி வரும், பார்.”

சீட்டு பலகையோடு இன்னும் ஒட்டிப் படுத்துக்கொண்டது. அந்த அடக்கம் போஸ்டருக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் நிஜமாகவே விடுதி ஓடி வந்தது. முதலில் வந்தவனுக்கு இடுப்பில் துண்டு, தலை நிறையச் சோப்பு நுரை. பின்னாலேயே வந்த வார்டன், “மூணு நாளா போர்டில்தான் இருக்கு, நீங்கதான் பார்க்கலை” என்று சொல்லிக்கொண்டே வந்தார். போஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

துண்டுக்காரன் அதைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து சீட்டைப் படித்தான்: ‘தொட்டி சுத்தம் செய்வதால் சனிக்கிழமை மாலை வரை தண்ணீர் வராது.’

அவன் காலடியில் கிடந்த போஸ்டர் சீட்டை அண்ணாந்து பார்த்தது.

“நான் சொன்ன மாதிரியே எல்லாரும் ஓடி வந்தாங்க, பார்த்தியா?”