மஞ்சள் மாறாத தாள்கள்

கிழங்கு எத்தனை இரவு தண்ணீரில் ஊறியது என்று கிசெங்கே ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

கேட்டால், உன் வீட்டில் பசி எவ்வளவு என்று கேட்டதாகிவிடும். நஞ்சு நீங்க ஓடையில் அமிழ்த்திய கசப்பு மரவள்ளியை மூன்று இரவு முடியும் முன்பே கரையேற்றிச் சுமந்து போகிறவளைக் கண்டால், எதிரே வருகிறவள் மரக்கிளையில் பறவை தேடுவாள்.

மசேலாவுக்காக இந்த வறண்ட பருவம் முழுக்க எல்லோரும் நிறையப் பறவைகளைத் தேடியிருந்தார்கள்.

இப்போது அவள் தேவாலயத்தின் கூரை நிழலில், மற்றப் பெண்களோடு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

முதுகில் துணியால் கட்டப்பட்டிருந்தாள் மகள். நடக்கிற வயதுதான். ஆனால் காலையில் கால் கனக்கிறது என்று சொன்னவளை நடக்கவிட்டால் ஊர் பார்த்துவிடும்.

மூத்தவனும் சென்ற ஆண்டு அப்படித்தான் சொன்னான். மறுநாள் பாயிலிருந்து எழுந்தபோது அவன் குதிகால் மண்ணில் படவில்லை. அதன் பிறகு படவே இல்லை. கோன்ஸோ நோய் என்றார்கள், யாரோ சூனியம் வைத்துக் கால்களைக் கட்டிவிட்டார்கள் என்றார்கள். கோலூன்றி நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகள் அவ்வூரில் வீதிதோறும் இருந்தார்கள்.

தலைநகர் கின்ஷாசாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த டாக்டர் க்ளெமென்டீன், மேசைமீது குப்பிகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். நேற்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி மரவள்ளி மாவு வாங்கி, நீர் விட்டு, உள்ளே ஒரு மஞ்சள் தாளைத் தொங்கவிட்டு மூடியவை. மாவில் நஞ்சு எஞ்சியிருந்தால் அது காற்றாகி எழுந்து தாளைப் பழுப்பாக்கும்.

பழுப்பு மிகுந்த ஊர்களில் ஆராய்ச்சிக் குழுவினர் தங்கி, அரைத்த மாவிலிருந்தும் நஞ்சைப் போக்கும் வழியைக் கற்றுத்தந்தார்கள். மற்ற ஊர்களில் அவர்களுடைய வண்டி அதற்கு மேல் நிற்பதில்லை.

"ராத்திரி பூரா நம்ம மாவு மூடி போட்டுத் தூங்கிருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற ஃபிலோமேன். "ஒழுகாத வீடு. நம்மளவிட அதுக்குத்தாண்டி யோகம்!"

சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் முதல் குப்பியைத் திறந்தாள். மஞ்சள்.

அடுத்தது மஞ்சள். அதற்கடுத்ததும்.

"மசேலா" என்று பெயர் படித்து, தாளை உயர்த்திக் காட்டினாள். மஞ்சள்.

மசேலாவின் நெஞ்சு லேசாகவில்லை. அந்த மாவு அவளுடையதல்ல.

சென்ற வாரம் ஆராய்ச்சிக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று அறிவித்த அன்றே, கிண்ணத்தை மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டு லுகோம்போவின் கொல்லைப்புறம் போனாள். கிழங்கு வாங்கும் தலைநகர லாரி வந்து ஹாரன் அடித்தாலும் ஊறும் கிழங்கை அவசரப்பட்டு எடுக்காத ஒரே வீடு அது. லுகோம்போ ஒன்றும் கேட்கவில்லை. கூடையை வழித்துக் கிண்ணத்தை நிரப்பி, வாழையிலை போட்டு மூடிக் கொடுத்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு நல்ல மாவைத்தானே வைக்க வேண்டும் என்று திரும்பும் வழியெல்லாம் மசேலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேசையில் கடைசியாக இருந்தது லுகோம்போவின் குப்பி.

அதற்குள்ளிருந்த தாள் வெந்த செங்கல்லைப் போலப் பழுப்பேறியிருந்தது.



"அக்கா" என்று ஃபிலோமேன்தான் தொடங்கினாள், "உங்க பக்கத்து ஓடையில மட்டும் தண்ணி வத்திப்போச்சா?"

கூரை அதிரச் சிரித்தார்கள். லுகோம்போ தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சிரித்தவர்களில் ஒருத்திகூட அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை மசேலா கவனித்தாள்.

பிறகு தாள்களைப் பார்த்தாள். ஒரு வீட்டு மாவைப் போல் இன்னொரு வீட்டு மாவு இருப்பதில்லை. ஆனால் இங்கே வரிசை முழுக்க ஒரே மஞ்சள், ஒரே கூடையிலிருந்து அள்ளியதைப் போல.

அந்தக் கொல்லைப்புறம் போனவள் தான் மட்டுமே என்று அவள் நினைத்திருந்தாள். எத்தனை கிண்ணங்கள் போயிருக்கும்! அத்தனையையும் நிரப்பிவிட்டு, தன் பிள்ளைகளுக்குக் களி கிண்ட அந்த வீட்டுக்காரி எந்தக் கிழங்கை எடுத்திருப்பாள்!

டாக்டர் முகம் மலர்ந்திருந்தது. "நல்ல சேதிம்மா. உங்க ஊர் மாவு சுத்தமா இருக்கு. அப்ப பிள்ளைங்க கால் நோவுக்கு வேற ஏதோ காரணம். அதை இன்னொரு குழு வந்து பாக்கும்." லுகோம்போவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "நீங்க மட்டும் இனிமே கொஞ்சம் கவனமா ஊறவைங்க, அக்கா."

லுகோம்போ தலையசைத்தாள்.

ஓட்டுநர் குப்பிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். பெண்கள் கலைந்தார்கள். எல்லோருடைய நடையிலும் நிம்மதியில்லாத ஓர் அவசரம் இருந்தது.

முதுகில் குழந்தை அசைந்தாள். அவளுடைய கால்விரல்கள் விறைத்து நீண்டு மசேலாவின் விலாவில் குத்தின. மசேலா கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பாதத்தைப் பிடித்து மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

அவள் மேசைக்குப் போய்ப் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"கட்டாதீங்க, டாக்டரம்மா. என் பேர் போட்ட குப்பியில இருக்கிறது என் மாவு இல்ல. லுகோம்போ அக்கா குடுத்தது."

கலைந்து போனவர்கள் நின்றார்கள்.

மசேலா அவர்கள் பக்கம் திரும்பினாள். அவள் குரல் கடைசியில் நின்றவள்வரை கேட்டது.

"எங்க வீட்டுக் கிழங்கு ஒரு ராத்திரிதான் ஊறுச்சு. உங்க வீட்டுது எத்தனை ராத்திரி, ஃபிலோமேன்?"