ஒரு வரி வெள்ளை, ஒரு வரி நீலம்

"சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை போட்ட பால் போயிருக்கு. நர்ஸ் பார்த்து வாங்கி வைக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

மேனேஜர் அம்மா குரலை உயர்த்தவில்லை. நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சமையலக்காவுக்கு.

"கை தவறிடுச்சு மேடம்."

"இன்னொரு தடவை தவறினா வேலை இருக்காது. சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரிச் சமையலறை அது. நோயாளிகள் வருவார்கள், போவார்கள். அதனால் தினமும் புதுத் தாள் வரும். ஒரு படுக்கைக்கு ஒரு வரி. உப்பு, சர்க்கரை, காரம் என்று குறுக்கே கட்டங்கள். அக்காவின் கை எந்நேரமும் ஈரம். ஸ்டோர் பார்க்கிற அண்ணன்தான் தாளைப் பிடித்துப் படிப்பார், அக்கா தட்டில் போடுவார். அண்ணன் படித்தால் மாடி வரைக்கும் கேட்கும். எல்லோருக்கும் அவர் ரேடியோ அண்ணன்.

மேனேஜர் அம்மா திட்டி முடித்தும் அக்கா நகரவில்லை.

"மேடம், தாள்ல ஒரு வரி வெள்ளை, ஒரு வரி நீலம்னு அடிச்சுக் குடுத்தா நல்லா இருக்கும். கண்ணு அடுத்த வரிக்குத் தாவாது."

ரேடியோ அண்ணன் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே கதை. செஞ்சது கை, பழி தாள் மேலயா? வந்த நாள்லேருந்து நான் வெள்ளைத் தாளைத்தான் படிக்கறேன். என்ன கெட்டுப் போச்சு?"

மேனேஜர் அம்மா நியாயஸ்தி. "ஏன் சண்டை? சோதிச்சே பார்த்துடலாம்" என்றார்.

வெறும் தாள் ஒன்று, நீலம் அடித்த தாள் ஒன்று. அக்காவும் ஒரு நர்ஸும் மாறி மாறிப் படித்தார்கள். மேனேஜர் அம்மா போனில் நேரம் பார்த்தார். ரெண்டு பேரும் ரெண்டு தாளையும் தப்பில்லாமல் படித்தார்கள். நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"நீலம் அடிச்சது பார்க்க லட்சணமா இருக்கு மேடம். மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் நர்ஸ்.

"அண்ணனும் ஒரு தடவை படிக்கட்டுமே" என்றார் மேனேஜர் அம்மா.

அக்கா குறுக்கே விழுந்தார். "அவர் எதுக்கு மேடம்? தப்பு பண்ணினது நான். சோதனையும் எனக்குத்தானே."

"கேட்டீங்களா?" என்று அண்ணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப கலர் வேண்டாம். வீண் மை" என்று மேனேஜர் அம்மா முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கா கலர் பென்சிலோடு வந்தார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விட்டு ஒரு வரி நீலம் தீட்டினார். தினமும் அதே வேலை.

"அக்கா ட்ராயிங் க்ளாஸ் போறாங்க போல" என்றார்கள் தட்டு கழுவுகிற பெண்கள்.

"மேடம் வேண்டாம்னு சொன்ன பிறகும் என்ன பிடிவாதம் பாரு" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டார். அக்கா தீட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு ஒரு தட்டும் மாறிப் போகவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா லீவு போட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிரிண்டரிலேயே நீலமும் வெள்ளையுமாகத் தாள் வந்திருக்கிறது. மேனேஜர் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்.

"என்ன மேடம், இதுல ஒண்ணும் பிரயோஜனம் இல்லன்னு அன்னிக்குத் தெரிஞ்சுதே?"

"சோதனை சரிதான். உக்கார வெச்ச ஆள்தான் தப்பு. நேத்து உங்க இடத்துல நின்னு நான்தான் தட்டுல போட்டேன். அண்ணன் வெள்ளைத் தாளைப் படிச்சார். ஒரு படுக்கையோட சர்க்கரையை அடுத்த படுக்கைக்குப் படிச்சார். நல்லவேளை, என் கண்ணு தாள் மேல இருந்துச்சு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"நோயாளி விஷயத்துல இப்படி மறைக்கலாமாம்மா?"

"தப்புதான் மேடம். ஆனா சும்மா இருக்கலையே, கலர் அடிச்சேனே."

மேனேஜர் அம்மாவுக்குக் கோபம் வரப் பார்த்து, சிரிப்பு வந்துவிட்டது. "சாயங்காலம் அண்ணனைக் கண் டாக்டர்கிட்டக் காட்டறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ அண்ணன் தாளைப் பிடித்தபடி நின்றார். குரல் பக்கத்து அடுப்புக்குக்கூடக் கேட்கவில்லை.

"அன்னிக்கும் நான்தானா அக்கா?"

அக்கா கரண்டியைத் தேடினார்.

"எல்லார் முன்னாலயும் உங்களைப் பார்த்துச் சிரிச்சேனே. உங்க வேலையே போயிருக்குமே. இதுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கும்பிடுவேன்?"

"எனக்கு இந்த அடுப்பு இல்லன்னா இன்னொரு அடுப்பு அண்ணே. கண்ணு சரியில்லன்னு வெளிய அனுப்பின ஆளை யார் கூப்பிட்டு வேலை குடுப்பா?" என்றார் அக்கா. "படிங்க, பால் ஆறுது."