வேலிக்கு அந்தப் பக்கம்

பத்து மணியாகியும் குற்றாலத்துச் சாரல் மேகம் விலகவில்லை. கிருபா வளர்க்கும் பத்துமணிப் பூக்கள் தரையோடு தரையாக மூடியே கிடக்கின்றன. சிவப்பில் ஒரு தண்டு மட்டும் முள்கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து, ஓரகத்தி ஞானசெல்வத்தின் மண்ணில் வேர் பிடித்திருக்கிறது. பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஞானசெல்வம் களைக்கொத்தியோடு வந்து அந்தத் தண்டின் அருகே குந்துகிறாள். பிடுங்கி எறியத்தான் போகிறாள் என்று கிருபா வாளியைப் பிடித்தபடி நிற்கிறாள். களைக்கொத்தி சுற்றியிருக்கும் புல்லை மட்டும் கொத்துகிறது. ஈர மண்ணைத் தண்டோடு சேர்த்து அணைத்துவிட்டு, ஞானசெல்வம் நிமிராமலே கேட்கிறாள்: "ஏட்டி, வெள்ளையில ஒரு கிள்ளு தாயேன். இங்கன செவப்பு மட்டுந்தான் வந்திருக்கு." கிருபா வாளியைக் கீழே வைக்கிறாள். குனிந்து வெள்ளையில் கிள்ளுகிறாள், கேட்காத மஞ்சளிலும் கிள்ளுகிறாள். "இந்தாங்கக்கா" என்று கம்பிகளுக்கு இடையே கையை விடுகிறாள். "பாத்து நீட்டுட்டி, முள்ளு கிழிச்சிரும்" என்கிறாள் ஞானசெல்வம்.