மாசிபத்திரி அரிஷ்டம்

மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும், குற்றாலம் ஆவுடைநாயகம் வைத்தியர் கடையில் அரிஷ்டம் குடிக்க நின்ற கூட்டம் தெருவுக்கு ஓடியது. அங்கிருந்து எட்டிப் பார்த்தது.

"வயித்துப் பூச்சிக்கு மாசிபத்திரி அரிஷ்டம் ஐயா. வெறும் கசப்பு," என்றார் வைத்தியர்.

"பூச்சிக்குக் குடிச்சவன் ஏம்வே தள்ளாடிக்கிட்டுப் போறான்? ஊத்தும்!"

"உள்ள வந்து சோதிங்க ஐயா. ஆளுக முன்னால வேண்டாம்."

"குற்றாலமே பாக்கட்டும்வே!"

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் குடித்தார். முகம் கோணியது. இன்னொன்றும் குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். ஆடவில்லை.

வாசலுக்கு வந்து உரக்கச் சொன்னார்: "இதுல ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது. சுத்தமான பச்சிலைத் தண்ணி!"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கியது. தினமும் சுவரைப் பிடித்தபடி வீடு போகும் மாடக்கண்ணு மட்டும் மெல்லக் கேட்டான்: "அப்ப, நேத்து போதையில மாமனார ஏசுனனே, அது?"

வைத்தியர் இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கும்பிட்டுக் கேக்கேன். ஒரு ராத்திரியாவது என்னைய லாக்கப்புல போடுங்க. வியாபாரம் பொழச்சுக்கிடும்!"