குரலுக்கு இடம்

"குரலா இது? போர்வைய மூடிக்கிட்டு முனகுன மாதிரி இருக்குது!"

ஓசூரில் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்தபடி ஆனந்தராஜ், மனைவி சுசித்ராவைப் போனில் திட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாட வராது. பாடுகிறவளைத் திட்ட மட்டும் நன்றாக வரும்.

"காலைல இருந்து பாடிட்டேதாங்க இருக்கேன்."

"பாடி என்னா பிரயோஜனம்? ஒரு கிட்டாரு, ஒரு குரலு, அவ்வளவுதான் பாட்டே. குரல் கோயில் மண்டபத்துல பாடுன மாதிரி விரிஞ்சு நிக்க வேணாமா?"

"கம்ப்யூட்டர்ல எக்கோ சேத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க..."

"சேத்துப் பாத்தாச்சு. பண்டிகை மைக் செட்டு மாதிரி இரையுது. பெங்களூர்க்காரன் காறித் துப்புவான். சாயங்காலத்துக்குள்ள நல்லதா அனுப்பலன்னா அவன் குறும்படத்துக்கு வேற ஆளப் பாத்துக்குவானாம். என் பேரே கெட்டுப்போயிடும்."

"படத்துல என் பேரும் வருங்களா?"

ஆனந்தராஜுக்குச் சிரிப்பு வந்தது.

"இசை ஆனந்தராஜ், ஒலிப்பதிவு ஆனந்தராஜ். உன் பேரு எதுக்கு? நீ வாயத் தொறக்கற, அவ்வளவுதான். அதையாவது ஒழுங்காத் தொற."

அந்தப் பக்கம் கனமான ஏதோ ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னா சத்தம் அங்க?"

"வீட்டுல கொஞ்சம் வேலைங்க."

"பெரிய வேலை! மொதல்ல பாட்ட அனுப்பு" என்று போனை வைத்தான்.

மதிய டீ நேரத்தில் பாட்டு வந்தது. அலட்சியமாகக் கேட்க ஆரம்பித்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு வரியும் எழும்பி, நாலா பக்கமும் பரவி, மெல்ல அடங்கியது. ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் இருந்த மணிவேல் காதில் மாட்டினான்.

"அண்ணா, பெரிய ஸ்டூடியோல எடுத்த மாதிரி இருக்குதே!"

"திட்டுனாத்தான் மணிவேலு வேலை நடக்குது. சும்மா விட்டா இவளுங்களுக்கு எதுவும் ஏறாது. நீயே கேளு."

பெருமை தாங்காமல் ஸ்பீக்கரைப் போட்டு வீட்டுக்கு அடித்தான். மேசையில் இருந்த மற்றவர்களும் திரும்பினார்கள்.

"இப்பதான் ஒரு குரலாட்டம் இருக்குது. என்னா பண்ணுன? எங்க நின்னு பாடுன?"

"நம்ம ஹால்லதாங்க" என்றாள் சுசித்ரா நிதானமாக. "கட்டிலு, மெத்தை, பீரோ, எங்கப்பா சீராக் குடுத்தது அத்தனையும் கல்லாவிக்கு, எங்கப்பா வீட்டுக்கே லாரில ஏத்தியாச்சு. வெறும் செவுருதான் மிச்சம். நானும் வண்டி ஏறறதுக்கு முன்னாடி, உங்களுக்குக் கடைசியா ஒரு தடவ பாடிட்டேன்."