ஏழாவது தடுப்பு

பழைய குதிரைப் பண்ணையின் லாயத்தில் மூவர் இருந்தோம். இடிப்பு அறிக்கை எழுத வந்த பொறியாளர் நாற்காலியில். இங்கே லாடம் அடித்துவந்த என் மச்சான் கவிழ்த்த வாளியில். பண்ணையின் பழைய எழுத்தரான நான் தீவனப் பெட்டியின் மேல்.

“குதிரைங்க போய் இருபது வருஷமாச்சே. இந்த லாயம் இனி யாருக்குங்க?” என்றார் பொறியாளர்.

“ஏழாவது தடுப்புல தினமும் தண்ணி வைக்கிறேன். மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது,” என்றான் மச்சான்.

“வாளி ஓட்டையா இருக்கும்.”

“ஓட்டை வாளியில தண்ணி வைக்க எனக்கென்ன கிறுக்கா?”

பொறியாளர் சிரித்தார். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

உடனே மறுப்புக் கடிதம் எழுதினேன். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், கட்டடத்தின் வயது நூற்றிருபது என்று வரிசையாகக் குறிப்பிட்டேன். ‘பயன்பாட்டில் உள்ளது. இடிக்க விடமாட்டோம்’ என்று முடித்து இருவரும் கையெழுத்திட்டோம். மை உலர, ஏழாவது தடுப்பின் கட்டைச் சுவரில் கடிதத்தை வைத்துவிட்டு, உறை எடுக்க இருவரும் அலுவலக அறைக்குப் போனோம்.

திரும்பியபோது கடிதத்தின் கீழ்மூலையைக் காணவில்லை. கடிபட்ட விளிம்பு ஈரமாக இருந்தது.

“வேற தாள்ல எழுதிடு மச்சான்.”

“எதுக்கு? மூணாவது கையெழுத்தும் விழுந்தாச்சு,” என்றேன்.

அப்படியே மடித்து, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.